கட்டுநாயக்கவில் ஏறும் முன் ஒரு மணி நேரம்

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களாகக் குவைத்துக்கும் சவூதிக்கும் போகிறவர்களில் பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். பிள்ளைகளை லயத்தில் விட்டுவிட்டு வந்த மனதோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறி உட்காருகிறவர்களின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் ஐந்தாறு மணி நேரம் ஏதேதோ சத்தங்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். சலவை இயந்திரத்தை இயக்கவும் நாலு வார்த்தை அரபு பேசவும் பழக்கி அனுப்புகிற வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அந்தப் பயிற்சியிலேயே ஒரு மணி நேரத்தை இந்தச் சத்தங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் தடவை பறப்பவரின் பயத்தில் பெரும்பங்கு, கேட்கும் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று தெரியாததால் வருவது. அதைச் சொல்லித் தீர்க்க முடியும்.

ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களில், நகரத் தொடங்கும் நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து நாய் குரைப்பது போலவோ யாரோ வாளால் மரம் அறுப்பது போலவோ ஒரு சத்தம் விட்டுவிட்டு வரும். ஹைட்ரோலிக் தொகுதிகள் இரண்டை இணைத்து, ஒன்றின் அழுத்தம் குறைந்தால் மற்றதைக் கொண்டு ஈடுசெய்யும் கருவி அது. வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. ஓடுபாதையை விட்டு எழுந்த சில விநாடிகளில் 'தடால்' என்று கேட்பது சில்லுகள் உள்ளே மடங்கிக் கதவு மூடுவது. அதற்குப் பிறகு வருவதுதான் பலரையும் கதிகலங்க வைக்கிறது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடி உயரம் வந்ததும் விமானி இயந்திரங்களின் வேகத்தைக் குறைப்பார். இரைச்சல் சட்டென்று தணியும். விமானம் கீழே இறங்குவது போலவே தோன்றும். உண்மையில் அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏறும் விசை குறைவதை உட்காது 'விழுகிறோம்' என்று தவறாகப் படிக்கிறது, அவ்வளவுதான். 'டிங்' என்ற மணி அபாய மணியல்ல. பெரும்பாலும் ஒரு பணியாளர் இன்னொருவரை அழைப்பதோ, இருக்கைப்பட்டி விளக்கு மாறுவதோ ஆகும். இறங்கும்போது இறக்கைத் தகடுகள் நீளும் முனகல், வேகத்தைக் குறைக்கத் தகடுகள் மேலெழும்போது வரும் அதிர்வு, தரை தொட்டதும் காதைப் பிளக்கும் உறுமல் எல்லாமே விமானம் தன் வேகத்தை அடக்கும் வேலைகள். காது அடைப்பதைப் பற்றி மலையகத்தாருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விமானம் 11,000 மீற்றரில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 2,400 மீற்றர் உயரத்தில் இருப்பதுதான். ஹோட்டன் சமவெளியே 2,100 மீற்றருக்கு மேல். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகப் பஸ்ஸில் இறங்கியவர் எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ தீர்த்த அதே அடைப்பு இது.

மலையகத்துக்கு விமானம் என்றதும் வேறு ஒரு நினைவும் உண்டு. 1974 டிசம்பர் 4 இரவு, சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம் கட்டுநாயக்கவை நோக்கி இறங்கும்போது, நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே சப்த கன்னி மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கையின் ஆகப்பெரிய விமான விபத்து இன்றும் அதுவே. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, மலைக்கு மேல் இருக்கையிலேயே உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். இயந்திரம் பழுதாகவில்லை, இறக்கை முறியவில்லை. பயணிகளை எச்சரிக்கும் எந்த விபரீதச் சத்தமும் கேட்டிருக்க நியாயமில்லை. அதற்கு மூன்று நாள் முன்பு அமெரிக்காவில் வாஷிங்டனை நோக்கி இறங்கிய விமானம் ஒன்றும் இப்படியே மலையில் மோதி 92 பேர் மாண்டனர். தரை நெருங்கினால் விமானியறையில் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று அமெரிக்கா அந்த மாதமே ஆணையிட்டது. டொன் பேட்மன் என்ற கனேடியப் பொறியியலாளர் உருவாக்கிய அந்தக் கருவி, பின்னாளில் உலக மலைகளின் வரைபடத்தையே உள்ளே வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் மலையையும் முன்கூட்டியே சொல்லக் கற்றுக்கொண்டது. அன்று இல்லாமற்போன சத்தம் அதுதான். அதைக் கேட்கவேண்டியவர் விமானி. பயணியின் காதில் விழுந்து அவரைப் பயமுறுத்துகிற சத்தங்களுக்கும் 1974இன் சாவுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அகமதாபாத்தை மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். மறக்க முடியாது: 2025 ஜூன் 12 அன்று அங்கே விழுந்த விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். விமானம் விழவே விழாது என்று சொல்லித்தர நான் சொல்லவில்லை, அது பொய். ஆனால் 2024இல் உலகெங்கும் 4 கோடிக்கும் அதிகமான பயணங்களில் உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்துகள் 7 என்பதும் உண்மை. அகமதாபாத்துக்கு ஒரு மாதம் முன்பு, மே 11ஆம் திகதி, கொத்மலை கரண்டியெல்லவில் பள்ளத்தில் பாய்ந்த ஒரே பஸ்ஸில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்காக நாம் பஸ் ஏறுவதை விட்டுவிடவில்லை. பழகிய ஆபத்துக்கு நாம் அஞ்சுவதில்லை. ஆனாலும் இந்தக் கணக்குகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருக்கைக் கைப்பிடியை இறுகப் பற்றியிருப்பவருக்குப் புள்ளிவிபரம் துணைக்கு வராது. "இப்போது சில்லு மடங்கும், பிறகு இரைச்சல் குறையும்" என்று முன்பே தெரிந்திருப்பது வரும், ஏனென்றால் அது சொன்னபடியே நடக்கிறது. உண்மையான பறத்தல் அச்ச நோய் உள்ளவருக்கு இது போதாது, அவருக்கு மருத்துவ உதவி வேண்டும். முதல் பயணத்தின் பதற்றம் அந்த வகை நோயல்ல.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கடவுச்சீட்டைப் பறித்து வைக்கும் எஜமானும், கொடுக்காத சம்பளமும் காத்திருக்கும் இடத்துக்குப் போகிற பெண்ணுக்கு, விமானச் சத்தமா பெரிய பிரச்சினை? இல்லைதான். முறைப்பாடு செய்யும் வழிகளைச் சொல்லும் வகுப்பைக் குறைத்து இதை வைக்கச் சொன்னால் நானே எதிர்ப்பேன். இதற்குத் தேவை ஒரு ஒலிப்பதிவும், அதைத் தோட்டத்துத் தமிழில் விளக்கத் தெரிந்த ஒருவரும் மட்டுமே. விமானத்துக்குள் ஆங்கிலத்திலும் அரபியிலும் ஓடும் அறிவிப்புகளை நம்பி விடமுடியாது. அவை இருக்கைப்பட்டியைப் போடச் சொல்லுமே தவிர, குரைக்கும் கருவியைப் பற்றி எந்த மொழியிலும் பேசுவதில்லை. ஏஜென்சிக்காரர்களிடமும் இதை விட முடியாது, அவர்களுக்கு ஆளை ஏற்றி அனுப்புவதோடு வேலை முடிந்தது. பணியகம் தொடங்கத் தாமதித்தால், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள ஒரு பெண்கள் சங்கம் கைத்தொலைபேசியில் அந்த ஒலிகளைப் போட்டுக் காட்டி, வரிசைப்படி கேட்கவைத்து இந்த மாதமே தொடங்கிவிடலாம்.