சிரப் எழுதாத மருத்துவரும் வைத்தியம்தான் செய்கிறார்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் குழந்தைகள் புறநோயாளிகள் பிரிவில் இருமல் ஒலி பெருகிவிடும். பெற்றோர் பலரின் வேண்டுகோள் ஒன்றாகவே இருக்கும்: “நல்ல இருமல் மருந்தாக எழுதிக் கொடுங்கள்.” மருந்துச் சீட்டு இல்லாமல் திரும்ப நேர்ந்தால், மருத்துவர் சரியாகக் கவனிக்கவில்லையோ என்ற மனக்குறை எழுகிறது. இரவெல்லாம் இருமும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தவர்களுக்கு அது இயல்பே. ஆயினும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் சாதாரணச் சளிக்கும் இருமலுக்கும் சிரப் எழுதாமல் அனுப்பும் மருத்துவர் தம் கடமையைச் சரிவரச் செய்கிறார் என்பதே எங்கள் கருத்து.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. சளி, காய்ச்சலுக்காக இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த மருந்து நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைச் சோதித்தபோது, டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு இருந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடு மட்டுமே.

இந்த நஞ்சு புதியதன்று. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரை இது பலிகொண்டது. அதன் விளைவாகவே அடுத்த ஆண்டு அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டம் பிறந்தது. 1972-இல் சென்னையிலும், 1986-இல் மும்பையிலும், 2022-இல் காம்பியா நாட்டிலும் இதே பொருள் உயிர்களைப் பறித்தது. சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் திரவங்கள் தூய்மையற்றவையாக இருந்தாலோ, அவற்றுக்குப் பதில் ஆலைகளுக்கான மலிவுச் சரக்கைச் சேர்த்தாலோ இந்நஞ்சு உள்ளே நுழைந்துவிடுகிறது. அதன் சுவை இனிப்பு. சிரப்பின் சுவையும் இனிப்பு. முகர்ந்தோ சுவைத்தோ எந்தத் தாயாலும் கண்டறிய இயலாது.

அப்படியாயின் இது ஆலையின் குற்றமும் அரசின் கண்காணிப்புக் குறையும் அல்லவா, பெற்றோருக்கு ஏன் அறிவுரை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒவ்வொரு தொகுதி மருந்தையும் மூலப்பொருளையும் சோதித்த பின்னரே விற்பனைக்கு விட வேண்டியது உற்பத்தியாளரின் கடமை. அதை உறுதிசெய்ய வேண்டியது அரசின் கடமை. அந்தப் பொறுப்பைக் குடும்பங்களின் தோளில் ஏற்றுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். ஆனால் இன்னொரு கேள்வியும் எஞ்சி நிற்கிறது: அந்தச் சிரப் தூய்மையாகவே இருந்திருந்தாலும், அக்குழந்தைகளுக்கு அது தேவைப்பட்டிருக்குமா?

பெரும்பாலும் தேவையில்லை என்பதே மருத்துவம் தரும் விடை. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ வழங்கவோ கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றும் மத்தியச் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று மேலட்டையில் அச்சிடுமாறு 2023 டிசம்பரிலேயே ஆணை வெளியானது. அந்த எச்சரிக்கையைப் படிப்போர் எத்தனை பேர்?

சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஏழு முதல் பத்து நாள்களில் அது தானே தணியும்; இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் நீடிக்கலாம். எந்தச் சிரப்பும் இந்நாள்களைக் குறைப்பதில்லை. ஆன்டிபயாட்டிக்கும் வைரஸிடம் பயன்படாது. குழந்தை அயர்ந்து உறங்குவதைக் கண்டு மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்கிறோம். அந்த உறக்கம் பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவே. மூச்சுக்குழாயில் சேரும் சளியை வெளியேற்றும் காவலன் இருமல். அதை அடக்குவது எப்போதும் நன்மை ஆகாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம். ஆனால் கணக்கு தவறக் கூடாது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் அது 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளதானால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தானால் ஒன்றரை மில்லி மட்டுமே. சிரப் என்று எண்ணிச் சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால், நான்கு மடங்கு மருந்து குழந்தையின் கல்லீரலைச் சென்றடையும். சளிக்கான கூட்டு மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துத் தருவதும் அதே ஆபத்தை விளைவிக்கும். அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி வேண்டாம். மருந்துடன் வரும் மூடியோ, ஊசியில்லாச் சிரிஞ்சோ போதும்.

வீட்டுப் பெரியவர்களின் கைவைத்தியத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. வெதுவெதுப்பான நீர், கஞ்சி, தாய்ப்பால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு ஆகியவை நல்லவை. ஒரு வயது கடந்த குழந்தைக்கு அரைத் தேக்கரண்டித் தேன் இருமலைத் தணிக்கும்; ஒரு வயதுக்குள் தேனைத் தொடவே கூடாது. கர்ப்பூரம் காய்ச்சிய எண்ணெயைக் கைக்குழந்தைக்குத் தேய்ப்பதும், தலை குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதும், கொதிக்கும் நீரருகே ஆவி பிடிக்க வைப்பதும் தீங்கு தரக்கூடியவை. அவற்றைக் கைவிடுமாறு பெரியவர்களிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

பெரியவர்களும் தமக்கென்று கடையில் மாத்திரை கேட்டு வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். மூக்கடைப்பு மாத்திரைகள் சில இரத்த அழுத்தத்தை உயர்த்தும். புராஸ்டேட் வீக்கம் உள்ளோருக்குச் சிறுநீர் கழிப்பதைக் கடினமாக்கும். உறக்கம் தரும் மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டி ஓட்டலாகாது.

சிரப் வேண்டாம் என்பதற்கு மருத்துவரிடம் வர வேண்டாம் என்பது பொருளன்று. மூச்சு வேகமாக வாங்கினால், மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாரித்தால், சிறுநீர் வெகுவாகக் குறைந்தால் உடனே அழைத்து வாருங்கள். அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலே அது அவசரம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் காத்திருக்கவே கூடாது. ஆஸ்துமாவுக்காக மருத்துவர் தந்த இன்ஹேலரையும் மருந்தையும் இக்கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்; அவை வேறு வகை.

மருந்து எழுதப்பட்டால், “இது எதற்கு, எத்தனை மில்லி, எத்தனை நாள்?” என்று தயங்காமல் கேளுங்கள். ரசீது வாங்குங்கள், தொகுதி எண் தெரியும்படி புட்டியைப் பாதுகாத்து வையுங்கள். சென்ற ஆண்டு மிஞ்சிய புட்டியையும், அண்ணனுக்கு எழுதிய சீட்டையும் தம்பிக்குப் பயன்படுத்த வேண்டாம். சிரப் இல்லாமல் எங்கள் வாயிலைக் கடக்கும்போது, உங்கள் பிள்ளைக்கு எதுவும் செய்யவில்லை என்று எண்ணாதீர்கள். நெஞ்சைச் சோதித்து, மூச்சை எண்ணி, ஆபத்தில்லை என்று உறுதிசெய்த பின்னரே உங்களை அனுப்புகிறோம்.