ஜிகினா ஒட்டினா கூத்து கெட்டுப் போயிடுமா?

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிக்கிட்டு இருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால தூசி தட்டி எடுத்தேன். விஷயம் வேற ஒண்ணுமில்லை, கூத்து வேஷம். நடுவுல ரஷ்யாவும் வரும், கிறிஸ்மஸ் பாலேவும் வரும். ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு ஆரம்பத்துலயே கேக்காதீங்க, கூடவே வாங்க.

மொதல்ல கொசுவத்திச் சுருள். எங்க அம்மாவோட ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். திரௌபதி அம்மன் திருவிழான்னா பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து. பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா, காலை வெயில் மலை உச்சியில விழுறப்பதான் முடியும். பாய் தலகாணியோட போய் இடம் புடிச்சு, கட்டியங்காரன் காமெடி வரைக்கும் பாத்துட்டுத் தூங்கிடுவேன். துச்சாதனன் போடுற கூச்சல்ல அலறிப் புடிச்சு எழுந்திருப்பேன். ரெண்டு பேர் திரையைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. மேல கிரீடத்தோட நுனி மட்டும் தெரியும், கீழ சலங்கை கட்டின கால் தெரியும், உள்ள இருந்து பாட்டு வரும். திரை விலகினா ஒரு நிமிஷம் கண்ணு கூசும்.

கூசுறதுக்குக் காரணம் கட்டை. தலையில கிரீடம், தோள் ரெண்டுலயும் புஜக்கட்டை, நெஞ்சுல மார்புப் பதக்கம். எல்லாமே எடை குறைஞ்ச மரத்துல செதுக்கி, தங்கக் கலர் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டினது. கட்டைக்கூத்துன்னு பேர் வந்ததே இந்தக் கட்டையாலதான். இடுப்புல துணியைச் சுத்திச் சுத்தி, பாவாடை உப்பிக்கிட்டு நிக்கும். கிறுகிறுன்னு கிறுக்கி அடிச்சு ஆடும்போது அது குடை மாதிரி விரியும். சிவப்பு மூஞ்சி துரியோதனன், பச்சை மூஞ்சி கிருஷ்ணன். பகல்ல டீக்கடையில பாத்த அதே ஒல்லி மனுஷன்தான் இதுன்னு சொன்னா சின்ன வயசுல நான் நம்பினதே இல்லை.

இப்ப மேட்டருக்கு வர்றேன். எங்க ஊருக்கு வழக்கமா வர்ற ஜமாவோட வாத்தியார் எங்க மாமாவுக்குப் பழக்கம். 2020 மார்ச் 25ல ஊரடங்கு வந்துச்சு இல்லையா, அதாவது பங்குனி. கூத்துக்காரங்களுக்கு வருஷச் சம்பாத்தியம் தொடங்குறதே பங்குனியிலதான், ஆடி வரைக்கும் ஓடும். அந்த வருஷம் அத்தனை அச்சாரமும் திரும்பிப் போச்சு. 2021லயும் திருவிழா சீசன்லயே ரெண்டாவது அலை. வேஷப் பெட்டியைத் தொறக்கவே மனசு வரலைன்னார் வாத்தியார். ஒரு வழியா தொறந்தப்ப எலி வெல்வெட்டைக் கடிச்சுக் குதறியிருந்தது. கட்டையில பாதிக் கண்ணாடி உதிர்ந்து கெடந்தது.

கையில காசு இல்லை. மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? அந்த டிசம்பர்ல கள்ளக்குறிச்சிக்குப் போய், கிறிஸ்மஸ் மரத்துல சுத்துவாங்களே ஜிகினா சரம், பச்சை, சிவப்பு, தங்கக் கலர்ல, அதை மொத்தமா வாங்கிட்டு வந்துட்டார். பண்டிகை முடிஞ்ச மறுநாள் போனாராம், பாதி விலை. புஜக்கட்டை ஓரம் பூரா அதை வச்சுத் தைச்சு, கிரீடத்துல குட்டிக் குட்டி ஜிகினா உருண்டையும் கட்டிட்டார். 2022 சீசன்ல அந்த வேஷத்தோடதான் எங்க ஊர்ல ஆடினாங்க. சும்மா சொல்லக்கூடாது, ஜொலிச்சுச்சு. எங்க ஆயா சாமி வந்து ஆடுச்சு, ஜிகினாவெல்லாம் அதுக்குத் தடையா இல்லை.

அடுத்த வருஷம் ஒரு பெரிய ஊர்ல நடந்த கலை விழாவுக்கு இவங்களைக் கூப்பிட்டிருக்காங்க. ராத்திரி பூரா ஆடுற கூத்தை நாப்பது நிமிஷத்துல முடிக்கணும், சரின்னுட்டாங்க. மேக்கப் போடுற இடத்துக்கு விழாக் குழுவுலேர்ந்து ஒருத்தர் வந்து பாத்துட்டு, "இந்தக் கிறிஸ்மஸ் ஐட்டமெல்லாம் எடுத்துடுங்க, ஆத்தென்டிக்கா இல்லை"ன்னு சொல்லிட்டாராம். நூல் நூலா பிரிச்சு எடுத்துருக்காங்க, மேடைக்கு ஏற இருபது நிமிஷம் இருக்கும்போது. வாத்தியார் என்கிட்ட இதைக் கோவமாக்கூடச் சொல்லலை. "படிச்சவங்க சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும் தம்பி"ன்னார். அதான் எனக்கு இன்னும் ஆறலை.

அந்த எரிச்சலோடயே இருந்தப்பதான் 2024 டிசம்பர்ல வேலை விஷயமா சான் பிரான்சிஸ்கோ போனேன். கூட வேலை பாக்குறவர் குடும்பத்தோட 'நட்கிராக்கர்' பாலேவுக்கு என்னையும் இழுத்துட்டுப் போனார். அங்கெல்லாம் கிறிஸ்மஸ்னா நட்கிராக்கர், நம்ம ஊர்ல திரௌபதி அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டா கூத்து மாதிரி. மேடையில ஒரு பொம்மை சிப்பாய், எலி ராஜா, பனிப்பொழிவு, அப்புறம் மிட்டாய் தேசம். எலி ராஜாவைப் பாத்ததும் எனக்கு எலி கடிச்ச வெல்வெட்தான் ஞாபகம் வந்துச்சு :-)

வந்து கொஞ்சம் படிச்சுப் பாத்தேன். படிக்கப் படிக்க அந்த விழாக் குழு ஆசாமி மேல கோவம் ஏறினதுதான் மிச்சம்.

நட்கிராக்கர் மொதல்ல மேடை ஏறினது 1892 டிசம்பர்ல, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி தியேட்டர்ல. இசை சைகோவ்ஸ்கி. அன்னிக்கு விமர்சகர்கள் பலர் அதைக் கழுவி ஊத்தினாங்க. ஆண்டாண்டு காலமா எல்லா ஊர்லயும் கிறிஸ்மஸுக்கு ஆடிட்டு வர்ற மரபுன்னு நெனச்சீங்கன்னா தப்பு. அமெரிக்காவுல முழுசா மொதல்முறை ஆடினது 1944 கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், நான் உக்காந்து பாத்த அதே சான் பிரான்சிஸ்கோ ஆப்பரா ஹவுஸ்ல. ஆட்டம் அமைச்சவர் வில்லம் கிறிஸ்டென்சன். அப்புறம் 1954ல ஜார்ஜ் பாலன்சின் நியூயார்க்ல போட்டார். அந்தாளு சின்னப் பையனா மரின்ஸ்கியிலயே இந்த பாலேவுல ஆடினவர். 1957, 58ல டிவியில வந்ததும் நாடு பூரா புடிச்சுக்கிச்சு. ஆக, 'காலங்காலமான மரபு'க்கு நம்ம தாத்தா வயசுகூட இல்லை.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த 1944 வேஷக் கதை. உலகப் போர் நேரம், துணிக்கு ரேஷன். உடை தைக்க வேண்டிய ரஸ்ஸல் ஹார்ட்லிங்கிற பையனுக்கு இருபது வயசு சுமார்தான். பட்ஜெட் ஆயிரம் டாலர், தைக்க வேண்டியது நூத்துச் சொச்சம் உடை. ஒரு ஆளுக்கு இத்தனை கஜம்தான்னு கடையில கணக்கு வச்சதால தெரிஞ்சவங்களையெல்லாம் வரிசையில நிக்க வச்சுத் துணி வாங்கியிருக்காங்க. ஒரு பழைய தியேட்டரோட சிவப்பு வெல்வெட் திரைச்சீலையை வாங்கி, அதை வெட்டி உடை தைச்சிருக்காங்க. இன்னிக்கு அதைப் பெருமையா எழுதி வச்சுருக்காங்க. எங்க வாத்தியார் பண்ணினதும் அச்சு அசல் இதேதான? அவங்க பண்ணினா வரலாறு, இவர் பண்ணினா ஆத்தென்டிக் இல்லையா?

பாலே டிரெஸ்ஸே ஒரு நிலையில நின்னது கிடையாது. 1832ல பாரிஸ்ல மரீ தல்யோனி 'லா சில்ஃபீட்' ஆடினப்பதான் அந்த வெள்ளை மல்மல் துணியில மணி மாதிரி தொங்குற பாவாடை ஃபேஷன் ஆச்சு. அப்புறம் காலோட வேலை தெரியணும்னு நீளம் குறைஞ்சு குறைஞ்சு, இடுப்புல தட்டு மாதிரி நிக்கிற டூட்டூ வந்துச்சு. நியூயார்க்ல பாலன்சினுக்கு உடை தைச்ச கரின்ஸ்கா அந்தத் தட்டையும் மாத்தி, கம்பி இல்லாம பூ மாதிரி மெத்துன்னு ஆக்கிட்டாங்க. 2017ல நியூயார்க் சிட்டி பாலே, சீனாக்காரங்களைக் கிண்டல் பண்ற மாதிரி இருந்த மீசையையும் தொப்பியையும் தூக்கிட்டாங்க. நான் பாத்த சான் பிரான்சிஸ்கோ வடிவம் 2004ல போட்டது, அதுல கதையையே 1915ல நடக்கிற மாதிரி அவங்க ஊருக்கு மாத்தி வச்சுருக்காங்க. யாரும் போய் "ஒரிஜினல் எங்கே"ன்னு கேக்கலை.

ஒரு சோகமும் உண்டு. அந்த வெள்ளைப் பாவாடை காலத்துல மேடைக்கு வெளிச்சம் கேஸ் விளக்குதான். தீப்புடிக்காம இருக்க துணிக்கு ஒரு மருந்து போடுவாங்க, போட்டா துணி விறைச்சு மங்கிப் போகும். எம்மா லிவ்ரின்னு ஒரு பொண்ணு, அது வேணாம்னுட்டா. 1862ல ஒத்திகையில பாவாடை விளக்குல பட்டுப் பத்திக்கிச்சு. எட்டு மாசம் வலியில கெடந்து 1863ல செத்துப் போனா, வயசு இருபதுதான்.

அதைப் படிச்சப்ப ஒண்ணு பொறி தட்டுச்சு. வேஷம்ங்கிறது வெளிச்சத்தோட சேந்த விஷயம். கூத்துக் கட்டையில ஏன் கண்ணாடிச் சில்லு? தீப்பந்த வெளிச்சத்துல ஆடினாங்க. ஆடுற நெருப்புக்குக் கண்ணாடி மின்னும், மரக் கட்டை தங்கமாத் தெரியும், கெட்டியாப் பூசின சிவப்பும் பச்சையும் கடைசி வரிசைக்கும் தெரியும். அப்புறம் பெட்ரோமாக்ஸ் வந்துச்சு, டியூப் லைட் வந்துச்சு. இப்ப நாலு பக்கமும் எல்.இ.டி. போக்கஸ். அசையாத வெள்ளை வெளிச்சத்துல பழைய கண்ணாடிச் சில்லு செத்துப் போகுது, ஜிகினா மட்டும் ஆடுற ஆளோட சேந்து அசைஞ்சு மின்னுது. எங்க வாத்தியார் காசில்லாம மட்டும் அதை வாங்கலை, கண்ணு தெரிஞ்சும் வாங்கியிருக்கார். அவரும் ஒரு எஞ்சினியர்தான்னு வைங்களேன், நம்மள மாதிரி ஆணி புடுங்குறவர் இல்லை.

அப்போ எதை வேணா மாட்டிக்கலாமான்னு கேப்பீங்க. இல்லை. சில ஜமாவுல கட்டையையே தூக்கிட்டு, நாடக செட்டுல கிடைக்கிற ஜரிகை வெல்வெட் சட்டையையும் பிளாஸ்டிக் கிரீடத்தையும் வாடகைக்கு எடுத்து மாட்டுறாங்க. அது எனக்கு ஒப்பலை. கட்டை போனா தோள் சுருங்கிடுது. ராஜா மனுஷன் சைஸுக்கு வந்துடுறார். கிறுக்கி அடிக்கும்போது அந்த அகலம் இருந்தாத்தான் அடவே எடுபடும். டூட்டூ நீளம் மாறினாலும் கால் தெரியணும்ங்கிறதுல அவங்க விட்டுக் கொடுக்கலை இல்லையா, அந்த மாதிரி இங்க விடக்கூடாதது கட்டையோட உருவம். அதுக்கு மேல என்ன ஒட்டுறதுங்கிறது ஆடுறவன் இஷ்டம். இதுல உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, வாங்கிக்கிறேன்.

நம்ம மாவட்டத்துலயே கூவாகம் இருக்கு. சித்திரையில கூத்தாண்டவர் கோயிலுக்கு வர்ற திருநங்கைகள் அன்னன்னிக்கு என்ன ஃபேஷனோ அதுல வர்றாங்க, விழுப்புரத்துல அழகிப் போட்டியே நடக்குது. தாலி கட்டிக்கிட்ட மறுநாள் அரவானுக்காக அதை அறுத்துட்டு வெள்ளைப் புடவை. அந்த அழுகையைப் பாத்தவன் எவனும் முந்தின நாள் கட்டின நெட் புடவை மரபா இல்லையான்னு யோசிக்க மாட்டான்.

உண்மையில கவலைப்பட வேண்டியது வேற. 2020ல கொரோனாவுக்கு நியூயார்க் நட்கிராக்கரும் ரத்துதான். ஆனா அந்தக் கம்பெனிகளுக்கு நன்கொடை இருக்கு, உறுப்பினர் இருக்காங்க. டிசம்பர் டிக்கெட் காசுல மீதி வருஷத்துல புது பாலே போடுறாங்க. தங்க பிள்ளை எலியாவோ மிட்டாயாவோ மேடையில ஓடுதுன்னு குடும்பம் குடும்பமா டிக்கெட் வாங்குறாங்க, அந்தப் பிள்ளைங்கள்ல சிலது பெரிசாகி ஆட வருது. இங்க பிள்ளைங்க மேடைக்கு வர வழி? காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்துக் குருகுலம் 2002லேர்ந்து பள்ளிப் படிப்போட கூத்தும் சொல்லிக் குடுத்துச்சு, ஆம்பளைங்களே பொம்பளை வேஷம் கட்டின கலையில பொண்ணுங்களையும் ஏத்துச்சு. 2020ல அதையும் மூடிட்டாங்க. எங்க வாத்தியாரோட பையன் ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டான். நாப்பது நிமிஷ மேடைக்கு இவங்களைக் கூப்பிடுற கலை விழாக்கள், ஜிகினாவை எண்ணுற நேரத்துல ஒரு ராத்திரிக் கூத்துக்கு நியாயமான கூலி என்னன்னு எண்ணலாம்.

சான் பிரான்சிஸ்கோவுலேர்ந்து கெளம்புறதுக்கு முன்னாடி, கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாள், கடையில எல்லாம் பாதி விலை. வாத்தியார் டெக்னிக்தான். சிவப்பு வெல்வெட் ரிப்பன் நாலு சுருள், தங்கக் கலர் ஜிகினா ஒரு பை அள்ளிட்டு வந்து பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப குடுத்தேன். ஜிகினாவைப் பாத்துச் சிரிச்சுட்டு துரியோதனன் கிரீடத்துக்குன்னு ஒதுக்கி வச்சார். ரிப்பனை ரொம்ப நேரம் விரல்ல சுத்திப் பாத்துக்கிட்டே இருந்தார். "இது ராஜாவுக்கு வேணாம் தம்பி. பதினெட்டாம் போரு அன்னிக்கு காலையில, திரௌபதி கூந்தல் முடிப்பாளே, அதுக்கு வச்சுக்கிறேன்"னார்.