கட்டாத வீட்டுக்கு எத்தனை அத்திவாரம்?

மீள்கட்டுமானம் என்பதைப் போல வசதியான சொல் விளையாட்டு வணிகத்தில் வேறில்லை. தோல்வி என்று ஒப்புக்கொண்டால் எவராவது அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். மீள்கட்டுமானம் என்று பெயர் சூட்டிவிட்டால் பொறுமை காக்கும் கடமை இரசிகர்களின் தலையில் விழுந்துவிடுகிறது. அமெரிக்க பேஸ்போலில் இச்சொல்லைக் கூச்சமின்றிப் பயன்படுத்திய அணி எது என்று கேட்டால், சிக்காகோ வைற் சொக்ஸ் என்றே விடையளிப்பேன்.

இரண்டு டிசம்பர் மாதங்களை எடுத்துக்கொள்வோம். 2016 டிசம்பரில், தான் 2010 இல் தெரிவு செய்து வளர்த்தெடுத்த இடதுகைப் பந்தெறியாளர் கிறிஸ் சேலை இவ்வணி பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணிக்குக் கைமாற்றி, நான்கு இளம் வீரர்களைப் பெற்றுக்கொண்டது. 2024 டிசம்பரில், 2020 இல் தெரிவு செய்யப்பட்ட இன்னோர் இடதுகைப் பந்தெறியாளரான கரெட் குரொஷேயையும் அதே பொஸ்டனுக்குக் கொடுத்து மீண்டும் நான்கு இளம் வீரர்களைப் பெற்றது. எட்டாண்டு இடைவெளியில் அதே சந்தை, அதே பண்டம், அதே விளக்கம்: எல்லாம் எதிர்காலத்துக்காக!

கிரிக்கெட்டில் பழகிய வாசகர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். அமெரிக்க பேஸ்போலில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவகாலத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. அவை முடிந்த பின்வரும் குளிர்கால மாதங்களே வீரர்களைக் கைமாற்றுவதற்கும் புதியவர்களை ஒப்பந்தம் செய்வதற்கும் உரிய முக்கிய காலம். பெரும்பாலான வீரர்களை அவர்களது சம்மதமின்றியே இன்னோர் அணிக்கு மாற்றிவிட முடியும். மேல்மட்ட அணிகளில் ஆறு ஆண்டுச் சேவையை நிறைவு செய்தவரே, ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணியுடன் பேரம் பேசலாம். அதுவரை அவர் மலிவானவர். எனவே, விலை ஏறப்போகும் நட்சத்திரத்தைக் கொடுத்து, மலிவான இளைஞர்கள் பலரை வாங்குவது ஓர் உத்தி. தோற்ற அணிகளுக்குப் புதிய வீரர்களைத் தெரிவு செய்வதில் முன்னுரிமையும் உண்டு.

இந்த உத்தியை நான் முற்றாக மறுக்கவில்லை. 2012 இல் 101 ஆட்டங்களில் தோற்ற சிக்காகோ கப்ஸ், 108 ஆண்டுக் காத்திருப்பின் பின்னர் 2016 இல் உலகத் தொடரை வென்றது. வைற் சொக்ஸின் வழக்கறிஞர்கள் இந்த உதாரணத்தைத்தான் ஓயாமல் ஒப்புவிக்கிறார்கள். ஆனால் அக்கதையின் பிற்பாதியை விழுங்கிவிடுகிறார்கள். 2014 இல் தன் பிரிவில் கடைசி இடத்தைப் பெற்ற கையோடு, அதே டிசம்பரில் ஜோன் லெஸ்டரை ஆறு ஆண்டுகளுக்கு 155 மில்லியன் டொலர் கொடுத்து அழைத்து வந்தது கப்ஸ். 2021 இல் 102 தோல்விகளைச் சுமந்த டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அந்தக் குளிர்காலத்தில் கோரி சீகருக்கு 325 மில்லியனும் மார்க்கஸ் செமியனுக்கு 175 மில்லியனும் எழுதிக் கொடுத்தது. 2023 இல் கிண்ணம் அவர்கள் கையில் இருந்தது.

இடிப்பது எவருக்கும் இயலும். கட்டுவதற்குத்தான் காசு வேண்டும்.

வைற் சொக்ஸ் என்ன செய்தது? 2018 இல் 100 தோல்விகளின் பின்னர், மனி மச்சாடோவை ஒப்பந்தம் செய்யப்போவதாகப் பெரும் ஆரவாரம் எழுந்தது. அவரது மைத்துனர் யொண்டர் அலொன்சோவையும் நண்பர் ஜோன் ஜேயையும் முற்கூட்டியே அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைத்துனர் வந்தார், தோழர் வந்தார், மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. சான் டியாகோ பத்து ஆண்டுகளுக்கு 300 மில்லியன் டொலர் கொடுத்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

அப்படியிருந்தும் இளம் வீரர்கள் ஏமாற்றவில்லை. சுருக்கப்பட்ட 2020 பருவகாலத்தில் அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. 2021 இல் 93 வெற்றிகளுடன் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. செலவழிக்க வேண்டிய வேளை அதுதான். அந்தக் குளிர்காலத்தில் அணியின் கண்கண்ட குறை இரண்டாம் பேஸ். அந்த இடத்தில் ஆடும் செமியன் சந்தையில் இருந்தார். அவரும் ஒரு காலத்தில் வைற் சொக்ஸ் வளர்த்து, 2014 இல் கைமாற்றிய வீரரே. டெக்சாஸ் அவரை 175 மில்லியனுக்கு எடுத்தது. வைற் சொக்ஸ் ஜோஷ் ஹரிசனை ஓராண்டுக்கு 5.5 மில்லியனுக்கு எடுத்தது. 2023 ஜனவரியில் அண்ட்ரூ பெனின்ரெண்டிக்கு வழங்கிய 75 மில்லியனே அதுவரையான அணி வரலாற்றின் மிகப்பெரிய ஒப்பந்தம். ஒரு நூற்றாண்டைக் கடந்த, அமெரிக்காவின் பெருநகரங்களுள் ஒன்றில் இயங்கும் அணியின் தாராளம் இவ்வளவுதான்.

விளைவு என்ன? 2022 இல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023 இல் 101 தோல்விகள். 2024 இல் தொடர்ச்சியாக 21 ஆட்டங்களில் தோற்று, மொத்தம் 121 தோல்விகளுடன், 1962 இன் நியூயோர்க் மெற்ஸ் அணி வைத்திருந்த 120 என்ற நவீன காலச் சாதனையையும் முறியடித்தது. அதே ஆண்டில், 2016 இல் இவர்கள் விற்ற சேல், அட்லாண்டா அணிக்காக ஆடி, சிறந்த பந்தெறியாளருக்கான சை யங் விருதை வென்றார். அவ்வாண்டு மார்ச்சில் இவர்கள் விற்ற டிலன் சீஸ், ஜூலையில் சான் டியாகோ அணிக்காக எதிரணிக்கு ஒரு ஹிட்டும் கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார். குரொஷேக்கு, அவரை வாங்கி நான்கு மாதங்களுக்குள் பொஸ்டன் ஆறு ஆண்டுகளுக்கு 170 மில்லியன் டொலர் ஒப்பந்தம் வழங்கியது. வைற் சொக்ஸ் 2025 இல் மீண்டும் 102 ஆட்டங்களில் தோற்றது.

தோல்வியின் பரிசாவது கிடைத்ததா? அதுவுமில்லை. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 2022 தொழில் உடன்படிக்கையில் குலுக்கல் முறை கொண்டுவரப்பட்டது. வருமானப் பகிர்வுக்குப் பணம் செலுத்தும் பெருநகர அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அக்குலுக்கலில் இடம்பெற முடியாது. ஆகவே 121 தோல்விகளுக்கு 2025 இல் கிடைத்தது பத்தாவது தெரிவு!

இந்தக் கணக்கில் நட்டப்பட்டவர் யார் என்பதே என் கேள்வி. ஜெரி ரெய்ன்ஸ்டோர்ஃப் தலைமையிலான குழு 1981 இல் 19 மில்லியன் டொலருக்கு வாங்கிய அணி இது. இன்று அதன் பெறுமதி அத்தொகையின் பன்மடங்கு. புளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று 1988 இல் அச்சுறுத்தி, பொதுமக்கள் பணத்தில் கட்டுவித்த மைதானத்தில் 1991 முதல் ஆடிவருகிறார்கள். தோல்விச் சாதனை படைத்த அதே 2024 இல், இன்னொரு புதிய மைதானத்துக்கும் அரச நிதி கேட்டு மாநிலத் தலைநகர் வரை சென்றார் உரிமையாளர். இடிப்பதற்கு இரசிகரின் பொறுமை, கட்டுவதற்கு வரியிறுப்பாளரின் பணம்; இலாபம் மட்டும் தனியாருக்கு. 2016 இல் பொறுத்திரு என்று சொல்லப்பட்ட பத்து வயதுச் சிறுவன் 2024 இல் வாக்குரிமை பெற்றுவிட்டான். அவனிடம் மீண்டும் அதே வார்த்தையைச் சொல்கிறார்கள்.

2025 டிசம்பரில் ஜப்பானிய அதிரடி வீரர் முனெடாகா முராகாமியை இரண்டு ஆண்டுகளுக்கு 34 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்ததை மனமாற்றத்தின் அடையாளம் என்கிறார்கள். நன்று. ஆனால் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் வீடு அன்று, கொட்டகை. அவர் சிறப்பாக ஆடினால் தக்கவைத்துக்கொள்வார்களா, அல்லது அவரையும் நான்கு இளைஞர்களுக்கு மாற்றுவார்களா? இளம் வீரர்கள் முதிர்ந்து சம்பளம் கேட்கும் நாளில் பணப்பை திறக்குமா? அணி நிர்வாகம் பதிலளிக்க வேண்டிய கேள்விகள் இவையே.

அதற்குப் பதில் வரும்வரை, மூன்றாவது மீள்கட்டுமானத்துக்கும் நுழைவுச்சீட்டு வாங்கும்படி சிக்காகோவின் தென்புற மக்களைக் கேட்க இவர்களுக்கு உரிமையில்லை. இலவு காத்த கிளியிடம் எவரும் கட்டணம் அறவிடவில்லை. இங்கே அதையும் செய்கிறார்கள்.