ஊஞ்சலாடும் சம்மட்டி

உங்கள் வீட்டில் பழைய வார்ப்பிரும்புத் தோசைக்கல் இருக்கிறதா? கழுவும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டு துண்டாகிவிடும். தகட்டில் செய்த கல் விழுந்தால் 'டங்'கென்று வீட்டையே கூட்டும். ஓரம் சற்று நெளியும். மறுநாளும் தோசை வார்க்கலாம். இரண்டும் இரும்புதான்! வளையல் சமாசாரமும் அப்படித்தான். கெட்டி எது என்றால் கண்ணாடி. அடி தாங்குவது தங்கம். ஆகவே, கெட்டி வேறு, அடி தாங்கும் குணம் வேறு.

அந்தக் குணத்தை அளக்க ஒரு யந்திரம் உண்டு. பார்த்தால் ஊஞ்சல் ஞாபகம் வரும். தண்டின் நுனியில் கனமான சம்மட்டி தொங்கும். அதை உயரத் தூக்கி விட்டுவிடுவார்கள். கீழே, அது வரும் வழியில், விரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு. நீளம் 55 மில்லிமீட்டர், கனம் 10 மில்லிமீட்டர், நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு. வெட்டுக்கு நேர் பின்புறம் சம்மட்டி ஓர் அறை அறைந்து, துண்டை முறித்துக்கொண்டு அப்பால் ஏறும். குறுக்கே எதுவும் இல்லாவிட்டால், புறப்பட்ட உயரத்தையே அநேகமாக எட்டிவிடும். எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ, அவ்வளவு சக்தியைத் துண்டு விழுங்கிவிட்டது என்று கணக்கு. அவ்வளவுதான் சாஸ்திரம்! 1901-ல் இதைச் செம்மைப்படுத்திய பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் ஷார்ப்பியின் பெயராலேயே இந்தச் சோதனை வழங்குகிறது.

இதன் அருமை எல்லோருக்கும் தெரிய ஒரு யுத்தம் வரவேண்டியிருந்தது.

1943 ஜனவரி 16-ஆம் தேதி இரவு. அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத் துறையில் 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம் புது எண்ணெய்க் கப்பல் கட்டிக் கிடந்தது. புயல் இல்லை, குண்டு இல்லை. நல்ல குளிர் மட்டுமே. திடீரென்று வெகுதூரம் கேட்கும்படி ஒரு சத்தம்! கப்பலின் மேல்தளமும் பக்கங்களும் பிளந்து, அடித்தகடு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. துறையில் நடந்ததால் சரி, நடுக்கடலில் நடந்தால்? அதே ஆண்டு நவம்பரில் அலாஸ்கா பக்கத்துக் கடலில் 'ஜான் பி. கெயின்ஸ்' என்ற கப்பல் இரண்டாக முறிந்து 10 பேர் மாண்டார்கள்.

பழி முதலில் பற்றவைப்பின் மேல் விழுந்தது. அந்தக் கப்பல் பட்டறைகளில் பற்றவைத்தவர்களில் ஏராளமான பெண்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இருந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மாள் அந்த எஃகையே சோதித்துப் பார்த்தார். குற்றவாளி எஃகுதான் என்று கண்டார். வெல்லப்பாகைச் சூட்டோடு இழுத்தால் கம்பியாக நீளும். ஆறிய கமர்கட்டைத் தட்டினால் தெறிக்கும் அல்லவா? அந்த எஃகும் வெதுவெதுப்பில் வளைந்து கொடுத்தது. குளிர் ஓர் அளவைத் தாண்டியதும் கண்ணாடிபோல் முறிந்தது. பற்றவைப்பு செய்தது என்ன? பழைய கப்பல்களில் தகடுகளைத் தறையாணி அடித்து இணைப்பார்கள். துணிக் கிழிசல் தையலில் வந்து நிற்பதுபோல், வெடிப்பு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலோ தையலே இல்லாத ஒரே துணி. பற்றவைத்தவர் கை எவ்வளவு தேர்ந்ததாயிருந்தாலும், கிழியத் தொடங்கினால் கிழிந்துகொண்டே போகும்!

டிப்பர் அம்மாள் 1960-ல் ஓய்வு பெற்று, 101 வயது வரை வாழ்ந்து 1995-ல் காலமானார்.

இப்போதெல்லாம் எஃகு எந்தக் குளிரில் உழைக்கவேண்டுமோ அந்தக் குளிரில்தான் ஊஞ்சல் பரீட்சை. நம் நாட்டுக் கட்டுமான எஃகிலும் சில ரகங்கள் 27 ஜூல் தாங்கியாக வேண்டும். சுமார் 2¾ கிலோவை ஒரு மீட்டர் தூக்கும் சக்தி அது. துண்டைக் குளிர்த் திரவத்தில் ஊறவைத்து, இடுக்கியால் எடுத்துப் பீடத்தில் வைத்து, 5 விநாடிக்குள் சம்மட்டியை விடவேண்டும். தாமதித்தால் துண்டு சூடேறிவிடும். அந்தக் கணக்கு செல்லாது.