எட்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கே?

காலை எட்டு மணி. திருப்பூர் வீதிகளில் இரண்டு கூட்டங்கள் நடந்து போகின்றன.

ஒரு கூட்டத்தின் கையில் சாப்பாட்டுத் தூக்கு. அது பனியன் கம்பெனிக்குப் போகிறது. இன்னொரு கூட்டத்தின் தோளில் புத்தகப் பை. அது பள்ளிக்கூடம் போகிறது. முதல் கூட்டத்தில் அப்பாவும் அம்மாவும் போகிறார்கள். இரண்டாவது கூட்டத்தில் பிள்ளைகள் போகிறார்கள்.

பிள்ளைகள் எத்தனை நாள் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருப்பார்கள்? இதுதான் கேள்வி. திருப்பூரின் நடுநிலைப் பள்ளிகள் ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்கின்றன.

பலகையில் மாறிய பெயர்

நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடம். நகரத்தில் இருந்தால் மாநகராட்சிப் பள்ளி. கிராமத்தில் இருந்தால் ஊராட்சி ஒன்றியப் பள்ளி.

பெயர்ப் பலகைகள் பலமுறை மாறிவிட்டன. ஜில்லா போர்டுகள் நடத்திய கிராமப் பள்ளிகள் 1960-களின் தொடக்கத்தில் பஞ்சாயத்து யூனியன்களின் கைக்கு வந்தன. 2008-ல் திருப்பூர் மாநகராட்சி ஆனது. நகராட்சிப் பள்ளிகளின் பலகையில் "மா" என்ற எழுத்து ஏறியது. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டம் ஆனது. பலகையில் மாவட்டத்தின் பெயரும் மாறியது.

பலகை மாறினாலும் உள்ளே நடக்கும் வேலை மாறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலிருந்து பிள்ளை வருகிறது. எட்டு ஆண்டில் அதற்கு எழுத்தும் கணக்கும் உலகமும் தெரிகின்றன.

அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்பு என்பது பெரிய படிப்பு. அதன் முடிவில் ஈ.எஸ்.எல்.சி. என்ற சர்க்கார் பரீட்சை இருந்தது. அதில் தேறியவர் ஆசிரியர் பயிற்சிக்கே போகலாம். இன்று நிலைமை அப்படி அல்ல. இன்று எட்டாம் வகுப்பு என்பது பாதி வழிதான். பாதி வழியில் இறங்கியவன் ஊர் போய்ச் சேர முடியுமா?

சோறு போட்ட பள்ளி

ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்து வந்தது பாடம் மட்டும் அல்ல. சோறும்தான்.

1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். 1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார். அரை நாள் பள்ளி, அரை நாள் வீட்டுத் தொழில் என்று 1953-ல் வந்த கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது.

1958-ல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. ஊர் மக்களே தங்கள் பள்ளிக்குப் பெஞ்சும் மணியும் கரும்பலகையும் கொடுத்தார்கள். "இது சர்க்கார் பள்ளி" என்று ஒதுங்கி நிற்கவில்லை. "இது எங்கள் பள்ளி" என்றார்கள். அந்த வழக்கம் பிறகு ஊர் ஊராகப் பரவியது.

சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே வேலை தேடி அலைய வேண்டியதில்லை. வேலை வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிடுகிறது.

சனிக்கிழமை வந்தால் வாரச் சம்பளம் கைக்கு வரும். அப்பா ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார். அம்மா பிசிறு வெட்டப் போகிறார். வாடகை, மளிகை, சீட்டுப் பணம் என்று சம்பளம் அன்றிரவே கரைந்துவிடுகிறது. "பையன் எட்டாவது முடித்துவிட்டான். கைமடி வேலைக்கு விட்டால் நாலு காசு வருமே" என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது காலேஜைப் பற்றி யார் நினைப்பார்கள்?

ஆனால் சட்டத்தில் உள்ள ஒரு ஓட்டையைப் பார்க்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது 6 வயது முதல் 14 வயது வரைதான் காப்பாற்றுகிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கம்பெனியில் வேலைக்கு வைப்பது குற்றம். 2016-ல் திருத்திய சட்டப்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும், 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 14 வயது முடிந்துவிட்டால் ஆபத்தான வேலைகளுக்கு மட்டுமே தடை.

ஆக, கட்டாயக் கல்வி நிற்பதும் 14 வயதில். வேலைக்கான முழுத் தடை நீங்குவதும் 14 வயதில். நடுநிலைப் பள்ளி முடிவதும் ஏறக்குறைய அதே வயதில். மூன்று கைகளும் ஒரே நேரத்தில் பிள்ளையை விடுகின்றன. அடுத்த கை பிடிக்காவிட்டால் பிள்ளை விழுந்துவிடும்!

கொடி காத்த குமரனின் பெயரைச் சொல்லாத திருப்பூர்க்காரர் இல்லை. 1904-ல் சென்னிமலையில் பிறந்த அவர், வறுமையால் தொடக்கப் படிப்போடு நிறுத்தி நெசவுக்குப் போனவர். 1932 ஜனவரி 11-ல் தடியடிக் காயத்தால் உயிர் விட்டார். அன்று நாடு அடிமையாக இருந்தது. வறுமை படிப்பைப் பறித்தது. சுதந்திர நாட்டிலும் அதே கதை நடக்கலாமா?

ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளைகள்

திருப்பூர்ப் பள்ளி வகுப்பில் மதுரை, தேனி, ராமநாதபுரத்துப் பிள்ளைகள் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் குழந்தை, பள்ளியில் "அ, ஆ" எழுதுகிறது. பிறகு அப்பா அம்மாவுக்குப் பஸ் பலகையை அதுவே படித்துச் சொல்கிறது.

இந்தப் பிள்ளைகளின் படிப்பு நூலில் தொங்குகிறது. ஆர்டர் குறைந்தால் குடும்பம் மூட்டை கட்டும். நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலே ஆட்டம் கண்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் பள்ளி திறந்தது. இடையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது!

ஆறாம் வகுப்பில் திறக்கும் கதவு

பல பெற்றோருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. 2020-ல் வந்த சட்டப்படி, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் கணக்கு எங்கே தொடங்குகிறது? ஆறாம் வகுப்பில்! அதாவது நடுநிலைப் பள்ளியின் மாடிப் படியில். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை போனால்தான் கதவு திறக்கும்.

கம்பெனி வேலைக்கே போவதானாலும் படிப்பு வீண் அல்ல. பனியன் துணி கிலோக் கணக்கில் விற்கிறது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்த்துத்தான் ஆர்டர் எடுக்கிறார்கள். சாயம் கலப்பது சதவீதக் கணக்கு. கணக்குத் தெரிந்தவன் மாஸ்டர் ஆகலாம். தெரியாதவன் கைமடியிலேயே நிற்பான்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்ததோடு நடுநிலைப் பள்ளியின் வேலை முடியக் கூடாது. எந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தது என்று ஜூன் மாதத்தில் ஒவ்வொரு பெயராகப் பார்க்க வேண்டும். சேராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள்தான். குழுவில் பாதிப் பேர் பெண்கள். சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் வேலை நாளில் கூட்டம் போட்டால் கம்பெனித் தாய் எப்படி வருவாள்? அரை நாள் சம்பளம் போய்விடுமே! ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடலாம். அல்லது கூட்டத்துக்குப் போகும் தாய்க்குக் கம்பெனி சம்பளத்தோடு அனுமதி தரலாம்.

மூன்றாவது, காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு என்றுதான் தொடங்கியது. ஒரே வளாகத்தில் தம்பி சாப்பிடுகிறான், ஆறாம் வகுப்பு அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பசிக்கு வகுப்பு தெரியுமா? சர்க்கார் எட்டாம் வகுப்பு வரை அந்தக் கையை நீட்டுவதே நியாயம்.

நான்காவது, கம்பெனி முதலாளிகள் சுவருக்கு வர்ணம் அடித்துக் கொடுப்பது நல்லது. அதைவிட நல்லது, 14 வயதுப் பிள்ளை வேலை கேட்டு வந்தால் "போய்ப் படி தம்பி" என்று திருப்பி அனுப்புவது.

திருப்பூர் உலகத்துக்கே சட்டை தைத்துக் கொடுக்கிறது. சொந்தப் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் கிழியவிடக் கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை அடுத்த ஜூன் மாதமும் புத்தகப் பையுடன் அந்த இரண்டாவது கூட்டத்தில் நடந்து போக வேண்டும்.