விற்றால் தொழில் பிழைக்குமா?

நொடித்துப்போகும் கம்பனியைப் போட்டிக்காரரிடம் விற்றுவிடுதலே விவேகம் என்பர் வர்த்தகர். வாங்குபவரிடம் பணம் இருக்கிறது. ஆதலின் தொழில் பிழைக்கும் என்பது அவர் வாதம். அமெரிக்காவின் பாம் கம்பனிக்கு நேர்ந்ததை அறிந்தோர் இதனை எளிதில் ஒப்பார்.

சட்டைப்பையில் அடங்கும் கைக்கணினியை 1996இல் வெளியிட்டுப் பெயர் பெற்ற கம்பனி அது. 2009இல் வெப் ஓஎஸ் என்னும் இயங்குதளத்தோடு ஸ்மார்ட் போன் ஒன்றைச் செய்தது. திறந்திருக்கும் வேலைகளைச் சீட்டுகள்போற் பரப்பி, முடிந்ததை மேலே தள்ளிவிடும் அதன் முறையைப் பின்னர் ஏனையோரும் கைக்கொண்டனர். பொருள் நன்று, விற்பனைதான் போதவில்லை. 2010இல் எச்பி கம்பனி ஏறக்குறைய 120 கோடி டொலருக்குப் பாமை வாங்கிற்று. எச்பியும் கைக்கணினி விற்றுவந்த போட்டிக் கம்பனியே.

அப்போது எச்பியின் தலைவராயிருந்த மார்க் ஹேர்ட் சில மாதங்களிலேயே பதவி விலகினார். அடுத்து வந்தவரின் நாட்டம் வேறு. 2011 யூலை முதலாந் திகதி விற்பனைக்கு வந்த டச்பாட் என்னும் டப்லட் கணினி, ஆகஸ்ட் 18இல் கைவிடப்பட்டது. வெப் ஓஎஸ் கைத்தொலைபேசிகளும் அதனோடு போயின. ஏழே வாரம்! நாற்று நட்டவன்கூட ஏழு வாரத்தில் அறுவடை கேட்பதில்லை.

விற்கவே கூடாதென்று யான் சொல்லவில்லை. தனித்து நிற்கப் பாமிடம் வலு இருக்கவில்லை. ஆயினும் விற்பவர் விலை பேசுமுன், தலைவர் மாறினாலும் தொழில் எத்தனை ஆண்டு நடக்கும் என்பதை எழுத்தில் வாங்குதல் வேண்டும். வெப் ஓஎஸ்ஸோ 2013இல் எல்ஜி கம்பனியின் கைக்குப் போய், இன்று அதன் தொலைக்காட்சிப் பெட்டிகளில் இயங்குகிறது.