கைதட்டலுக்கா சொற்போர்?

கல்லூரி விழா என்றால் சொற்போர் உண்டு. சொற்போர் என்றால் கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா என்ற தலைப்பும் உண்டு. அணிக்கு மூவர் அடுக்குமொழி பொழிவர். நடுவர் இரு சாராரையும் மகிழ்வித்துத் தீர்ப்பளிப்பார். மாணவர் கைதட்டிக் கலைவர். எவர் சிந்தையும் எள்ளளவும் அசைந்திராது. இதற்குப் பெயர் அறிவுப் பயிற்சியாம்!

தமிழகம் இதனினும் மேலான சொற்போரைக் கண்டதுண்டு. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்ற கேள்வி எழுந்தபோது, 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அறிஞர் அண்ணாவும் ரா. பி. சேதுப்பிள்ளையும் எதிரெதிரே நின்றனர். அடுத்த திங்களே சேலத்தில், அண்ணாவை மறுத்துரைக்க எழுந்தவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். எட்டயபுரத்திற் பிறந்தவர், தூத்துக்குடியில் வழக்கறிஞராய் விளங்கியவர், 1938 இந்தி எதிர்ப்பில் அண்ணாவோடு ஒரே அணியில் நின்றவர். அறுபது கடந்த புலவரும் முப்பத்துமூன்று வயது இளைஞரும், கொளுத்துக என்போரும் காக்க என்போரும், ஒரே மேடையில், ஒரே அவை முன்!

அந்த நாவலர் வழக்காடிய ஊரில் இன்று தலைப்புக்கா பஞ்சம்? முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. சங்கு குளிப்போர் இன்னும் மூழ்குகின்றனர். கடலட்டை எடுப்பதோ 2001 முதல் குற்றம்; எதிர்க்கரையாம் இலங்கையில் உரிமம் பெற்று எடுக்கலாம். மூழ்குபவன் வயிறு பெரிதா, மன்னார் வளைகுடாவின் உயிர்வளம் பெரிதா? நாளைய தலைமுறைக்காக இன்றைய ஏழை மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும்? மீனவர் மகன் அமர்ந்திருக்கும் வகுப்பில் இக்கேள்வி எழவில்லை. "வம்பு வேண்டாம்" என்பர் நிர்வாகத்தார். 2018 மே திங்களில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களைப் பறிகொடுத்த ஊரில், பேச்சுத்தான் வம்பாம்!

எப்படிப் பேசுவது என்பதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் லாடென்சன் 1993-இல் தொடங்கிய அறநெறி வாதப் போட்டியில், அணிகள் எதிரெதிர்ப் பக்கம் நிற்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. மாற்றுக் கருத்தை எவ்வளவு ஆழமாய் எண்ணிப் பார்த்தனர் என்பதற்கு அங்கே மதிப்பெண்! நாம் இன்னும் ஒரு படி மேலே கேட்கிறோம். எதிராளி "ஆம், இதுவே என் கருத்து" என ஒப்பும்படி அவர் வாதத்தை எடுத்துரைத்த பின்னரே மறுக்கத் தொடங்க வேண்டும்.

பகுத்தறிவு பேசும் தோழர்களுக்கும் இது கசப்பு மருந்துதான். பக்தனை எள்ளி நகையாட நான்கு துணுக்குகள் போதும். அவன் ஏன் நம்புகிறான் என்பதை அவனே ஏற்கும்படி சொல்ல உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சுபவர், எதிராளி மட்டுமே சிந்திக்க வேண்டும் என்கிறாரா?

வரும் ஆண்டு விழாவில் கண்ணகிக்கும் மாதவிக்கும் ஓய்வளியுங்கள். கடலட்டையை மேடையேற்றுங்கள். நடுவர் வரிசையில் சங்கு குளிப்பவர் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்.